ஃபுல் இன்சூரன்ஸ் லாரியும் உடைந்த பீங்கானும்

சென்னை–திருச்சி நாற்கரச் சாலையை விருத்தாசலம்–சேலம் சாலை வெட்டும் இடம் வேப்பூர் கூட்டுரோடு. விருத்தாசலத்தில் சுட்டெடுத்த ஃபியூஸ் கட்டை, பொம்மை, அகல்விளக்கு எல்லாம் இந்த வழியாகவும் வெளியூர் போகின்றன. ஒன்றிரண்டு வண்டி வைத்து ஓட்டுகிறவர்களிடம் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டால் வழக்கமாக வரும் பதில், 'ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு.'

அதில் லோடு கிடையாது.

மோட்டார் பாலிசி வண்டிக்கும், வண்டியால் அடிபட்டவருக்கும் மட்டுமே. பெட்டியில் இருக்கும் பீங்கானுக்கு ஒரு பைசா வராது. சரக்குக்காரர் டிரான்ஸிட் பாலிசி எடுத்திருக்கிறாரே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அவருக்குப் பணம் கொடுத்த கம்பெனி, அவர் இடத்தில் நின்று சரக்கை ஏற்றிச் சென்றவர்மேல் வழக்குப் போடலாம். 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, கூடுதல் மதிப்பு எழுதித் தராத சரக்குக்குப் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கு வரை. சட்டம் பிடிப்பது ரசீது போட்ட டிரான்ஸ்போர்ட்காரரை. அவர் பிடிப்பது லாரிக்காரரின் பாக்கி வாடகையை. இதற்கென்றே 'கேரியர் லயபிலிட்டி' பாலிசி தனியாக உண்டு. ஆனால் வண்டி விபத்தில் சிக்கினாலோ தீப்பிடித்தாலோதான் அது கைகொடுக்கும். பேக்கிங் சரியில்லாமல் குலுங்கி உடைந்த அகல்விளக்குக்கு அதிலும் வழியில்லை.

சரி, சொந்த வண்டிக்காவது முழுசா வருமா? 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 12 டன்னுக்கு மேல் 20 டன் வரையிலான சரக்கு வண்டிக்கு தர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டும் ரூ. 35,313. அது குறையாது, எனவே பேரம் எல்லாம் மீதித் தொகையில்தான். அப்போது முதலில் வெட்டுப்படுவது 'ஐஎம்டி 23' என்ற கூடுதல் காப்பு. அது இல்லாவிட்டால் லைட், டயர், மட்கார்டு, பம்பர், பெயின்ட் எதற்கும் கிளெய்ம் கிடையாது, வண்டியே மொத்தமாகப் போனால் ஒழிய. முன்பக்கம் இடித்த லாரியில் வேறென்ன மிஞ்சும்? சேர்த்தாலும் டயர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான். இருந்தாலும் சேர்ப்பதே புத்தி.

துக்கத்துக்கும் திருவிழாவுக்கும் மினி லாரியில் ஆள் ஏற்றுவது ஊர்ப்பழக்கம். அவர்களுக்கும் பாலிசி பேசும் என்பது தவறு. சட்டப்படி சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ வரலாம். சும்மா ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நஷ்டஈடு உரிமையாளர் தலையில்.

லைசென்ஸ் விஷயத்தில் பயம்தான் அதிகம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸில் ஓட்டினால் கிளெய்ம் போய்விடாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே அதை உறுதி செய்தது.

பழைய லாரி வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இன்னொன்று: 'பாலிசி இன்னும் எட்டு மாசம் இருக்கு.' தர்ட் பார்ட்டி பகுதி தானாகப் புதியவருக்கு மாறும். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி மாறாது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும். விற்றவரும் சும்மா இருக்க முடியாது. ஆர்.சி.யில் அவர் பெயர் இருக்கும்வரை, வண்டி யார் கையில் ஓடினாலும் விபத்து வழக்கில் அவரே உரிமையாளர் என்று 2018-இல், நவீன் குமார் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.