பழைய ஜீப்பில் பொருந்தாத பிரேக் உறுப்புகளைக் கண்டறியும் முறை

ஓர் உறுப்பு ஓரிடத்தில் பூட்டக்கூடியதாக இருத்தல் வேறு. அவ்விடத்திற்கே உரியதாக இருத்தல் வேறு. இயந்திர வண்டிகளைப் பேணுவோர் இவ்வேறுபாட்டை மறப்பின் விளையும் தீங்கு பெரிது. பிரேக் உறுப்புகளில் இப்பிழை நேருமாயின், வண்டியில் செல்வோரின் உயிரே அதற்கு விலையாகக் கூடும்.

வில்லிஸ் நிறுவனத்தின் போர்க்கால எம்பி ஜீப்பு 1941 முதல் 1945 வரை செய்யப்பட்டது. அதன் வழிவந்த சிஜே-3பி வகை 1953இல் வெளிவந்தது. இவ்வகையினை இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் நெடுங்காலம் உற்பத்தி செய்தது. இவ்வண்டிகளுட் பல மலைப்பகுதிகளில் இன்றும் ஓடுகின்றன. பல கைகள் மாறிப் பலமுறை பழுதுபார்க்கப்பட்ட இவற்றில், வெவ்வேறு வண்டிகளின் உறுப்புகள் கலந்திருத்தல் இயல்பு. அவற்றைக் கண்டறியும் வழி இங்கு விளக்கப்படுகின்றது.

பிரேக் இயங்கும் முறை

ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைக் கொண்டு செல்கின்றது. பாஸ்கல் விதிப்படி இவ்வழுத்தம் எங்கும் சமமாகும். ஆயினும், ஒவ்வொரு வீல் சிலிண்டரும் பிரேக் ஷூவைத் தள்ளும் விசை, அச்சிலிண்டரின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

வண்டி நிற்கும்போது பாரம் முன்புறம் சாய்வதால், எம்பி வகையில் முன்சக்கரங்களுக்கு 1 அங்குல உள்விட்டமும், பின்சக்கரங்களுக்கு முக்கால் அங்குல உள்விட்டமும் உடைய சிலிண்டர்கள் அமைக்கப்பட்டன. இவற்றின் பரப்புகள் முறையே 5.07, 2.85 சதுர செ.மீ. ஆகும், அதாவது 16க்கு 9 என்னும் விகிதம். திரவ அழுத்தம் சதுர செ.மீ.க்கு 40 கிலோகிராம் எனக் கொள்வோம். முதலாவது சிலிண்டர் தள்ளும் விசை சுமார் 203 கிலோகிராம்; இரண்டாவதன் விசை 114 கிலோகிராம் மட்டுமே.

வலப்புற முன்சக்கரத்தில் தவறுதலாகப் பின்சிலிண்டர் பூட்டப்பட்டுள்ளதெனின், அச்சக்கரத்தின் தள்ளுவிசை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பிரேக்கை அழுத்தியதும் வண்டி வலிமை மிக்க இடப்புறம் இழுக்கும். ஈரச் சாலையிலும் மலை வளைவிலும் இது பேராபத்தாகும்.

ஆய்வுக்கு முன்

வண்டி ஒருபுறம் இழுத்தல் ஒன்றை மட்டும் கொண்டு உறுப்புகள் பொருந்தவில்லை எனத் துணிதல் கூடாது. டயர்களின் காற்றழுத்தம் வேறுபடினும், லைனிங்கில் கிரீஸ் படியினும், ரப்பர்க் குழாய் உள்ளே அடைபடினும் இதே குறி தோன்றும். இவற்றை முதலில் நோக்குக. பின்னர்ச் சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் உயர்த்தித் தாங்கிகளின் மேல் இருத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் செல்லற்க. பழைய லைனிங்குகளில் கல்நார் இருத்தல் கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடியது. ஆதலின் தூளை ஊதாது ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

அளந்தறிய வேண்டியவை

1. டிரம்: எம்பி வகைக்கும் தொடக்கக்காலச் சிஜே வகைகளுக்கும் உள்விட்டம் 9 அங்குலம், அதாவது 228.6 மி.மீ. பிற்கால ஜீப்புகளில் 10, 11 அங்குல டிரம்களும் வந்தன. உள்விட்டத்தை இரண்டு மூன்று இடங்களில் அளந்து, எதிர்ப்புற டிரம்முடன் ஒப்பிடுக.

2. ஷூ: ஷூவை டிரம்மினுள் வைத்துப் பார்க்க. இரண்டின் வளைவும் ஒன்றாயின் லைனிங் முழுவதும் படியும். பெரிய டிரம்மில் சிறிய ஷூ இருப்பின், நடுப்பகுதி மட்டும் தேய்ந்து பளபளக்கும்; மிகுதியாகக் கடைந்த டிரம்மிலும் இதே குறி காணப்படும்.

3. லைனிங்: எம்பி வகையில் முன்னோக்கிய ஷூவின் லைனிங் நீளமானது, பின்னோக்கியதன் லைனிங் குட்டையானது. வண்டி முன்செல்லும்போது டிரம்மின் சுழற்சியே முன் ஷூவை இழுத்து அழுத்துவதால் அதற்கு வேலை மிகுதி. இரண்டும் இடம் மாறியிருப்பினும், ஒரு சக்கரத்தில் இரண்டும் குட்டையாக இருப்பினும் அது பிழையாகும். ஓர் அச்சின் இருபுறமும் ஒரே வகை லைனிங்கே இருத்தல் வேண்டும்.

4. வீல் சிலிண்டர்: முன், பின் சிலிண்டர்கள் வெளித்தோற்றத்தில் பெரிதும் ஒத்திருப்பவை. வார்ப்பில் காணும் அளவையும் நம்புதற்கில்லை. உள்ளே பித்தளை உறை இட்டபோது விட்டம் மாறியிருக்கலாம். பிஸ்டனை அகற்றி வெர்னியரால் உள்விட்டத்தை அளத்தலே உறுதி. ரப்பர் கப் அவ்வளவிற்கு ஏற்றதா எனவும் காண்க.

5. குழாய் இணைப்பு: எட்டில் மூன்று அங்குல மரையின் விட்டம் 9.5 மி.மீ. ஆகும். இது 10 மி.மீ. மரையுள்ள துளையில் தளர்வாகத் திருகிக்கொள்ளும். அழுத்தம் மிகும்போது கழன்றுவிடும். ஆதலின் மரை அளவியால் சோதித்த பின்னரே பூட்டுக.

அளவுகள் அனைத்தையும் இடம், வலம் என இரு பத்திகளாகக் குறித்துக் கொள்க. பிழை பெரும்பாலும் அவ்வட்டவணையிலேயே வெளிப்படும். பொருந்தாத உறுப்பை மாற்றும்போது அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்றுதல் நலம். அதன்பின் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றி, ஆளற்ற சமவெளியில் குறைந்த வேகத்தில் ஓட்டிச் சோதிக்க வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

ஊசியில்லாத இரண்டு மருத்துவச் சிரிஞ்சுகளை, ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக, எடுத்துக்கொள்க. நீர் நிரப்பி அவற்றை ஒரு மெல்லிய குழாயால் இணைக்க. இரு மாணவர் ஒரே வேளையில் இரு தண்டுகளையும் கட்டைவிரலால் அழுத்தட்டும். சிறியதை அழுத்தும் மாணவர் எளிதில் வெல்வதைக் காணலாம். பின்னர் இரண்டின் உள்விட்டங்களையும் அளந்து, வர்க்கங்களின் விகிதத்தைக் கணக்கிடச் செய்க. ஜீப்பு ஏன் ஒருபுறம் இழுத்தது என்பதை மாணவரே கூறுவர்.

கண் ஒப்புமையைக் காட்டும். அளவுகோலே உண்மையைக் காட்டும். பழைய வண்டியின் பிரேக்கைத் திறப்போர் ஒவ்வொருவரும் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.