ஓட்டைத் தார்ப்பாய் கணக்கு



போன வருஷம் ஹாஸ்டலில் பிடித்த காய்ச்சலோடு ஊருக்குப் போனேன். பஸ்ஸில் மாஸ்க் போட்டிருந்தேன், வீட்டில் நுழைந்ததும் கழற்றிவிட்டு ஆயா பக்கத்திலேயே படுத்தேன். நாலாம் நாள் ஆயாவுக்கு இளைப்பு. ஒரு வாரம் ஆஸ்பத்திரி. "மாஸ்க் போட்டேனே" என்றேன். "ஒரு தார்ப்பாய் போதுமாடா?" என்றார் அப்பா.

அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. மழை இருட்டினால் பச்சைக் கல்லை மூட வேண்டும். இருக்கும் தார்ப்பாய் எல்லாம் கிழிசல்தான். கிழிசல்மேல் கிழிசல் வராதபடி மூன்றை இழுத்துப் போடுவார். கல் நனையாது. இதையே ஜேம்ஸ் ரீசன் என்ற ஆங்கிலேய உளவியல் பேராசிரியர், விபத்துகளை விளக்க, ஓட்டையுள்ள சீஸ் துண்டுகளை அடுக்கிச் சொன்னார். 2020-இல் ஆஸ்திரேலிய வைரஸ் ஆய்வாளர் இயன் மெக்கே அதைக் கொரோனாவுக்குப் படமாகப் போட்டார். நமக்குச் சீஸைவிடத் தார்ப்பாய்தான் பழக்கம்!

ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் வெர்னான் ஊரில், ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வாசலில் சானிடைசர் இருந்தது. யாரும் கை குலுக்கவில்லை. வந்த 61 பேரில் ஒருவருக்கு ஏற்கெனவே சளி. கடைசியில் அவரோடு சேர்த்து 53 பேருக்கு நோய் (20 பேருக்கு அறிகுறியை வைத்துக் கணித்தது). இரண்டு பேர் இறந்துபோனார்கள். கைக்குத் தார்ப்பாய் போட்டார்கள், கிழிசல் காற்றில் இருந்தது.

இப்போது கணக்கு. ஒவ்வொரு தடுப்பும் பாதியைத்தான் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம் (உதாரணத்துக்குத்தான்). மூன்று சேர்ந்தால் 1/2 × 1/2 × 1/2 = 1/8. எட்டில் ஏழு பங்கு நின்றுவிடும். ஆனால் கிழிசல்கள் நேர்கோட்டில் வரக்கூடாது. மாஸ்க்கைக் கழற்றி, ஜன்னலைச் சாத்தி, நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டால் மூன்று ஓட்டையும் ஒன்றாகிவிடும்.

எங்கள் ரூமில் எட்டுப் பேர். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியதுதான் பெரிய ஓட்டை. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கொசுவலை அடித்தோம், இப்போது ராத்திரியும் திறந்தே கிடக்கிறது. இருமுகிறவன் மாஸ்க் போடுகிறான். ஒருவன் தலைமாட்டில் அடுத்தவன் கால் வருகிற மாதிரி படுக்கிறோம் (நாற்றம் தனிக் கதை). ஆயாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டாயிற்று. அது தொற்றை முழுசாகத் தடுக்காது, நோய் முற்றுவதைக் குறைக்கும்.

தீபாவளிக்குப் போனபோது எனக்குத் தொண்டை கரகரப்பு. திண்ணையிலேயே படுத்துக்கொண்டேன். பேரன் உள்ளே வரவில்லை என்று ஆயாவுக்கு ஒரே கோபம். அதிரசத்தை மட்டும் ஜன்னல் வழியாக நீட்டியது.