பத்து மாடிக்கு எத்தனை அடித் தெரு?

கேள்வி: குத்துக்கல்வலசையில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறோம். வீட்டுக்குக் கிழக்கே ஒரு தோப்பு. தென்னை எல்லாம் பட்டுப்போய் ஐந்தாறு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. அதற்கு முன்பக்கம் மெயின் ரோடு, பின்பக்கம் எங்கள் பதினாறடித் தெரு. அந்த இடத்தை வாங்கிவிட்டார்களாம். கீழே கார் நிறுத்த விட்டு, மேலே ஒன்பது மாடி, எழுபத்திரண்டு வீடு என்று ஊரெல்லாம் பேச்சு. “தென்காசி மாவட்டம் ஆயிட்டில்லா, இனி இப்படித்தான்” என்கிறார் என் வீட்டுக்காரர். “கிணத்துல தண்ணி போயிரும்ளா” என்று மாமியார் புலம்பிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கோ தட்டட்டியில் வெயில் விழுமா என்ற கவலை. வத்தல், வடகம் போட்டு விற்றுத்தான் பிள்ளை படிப்புக்குக் கொஞ்சம் சேர்க்கிறேன். தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. இந்தக் கட்டடம் வந்தால் ஊர் என்ன ஆகும்? நாங்கள் எதிர்க்க வேண்டுமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, குத்துக்கல்வலசை

பதில்: அம்மா, உயரமான கட்டடம் உங்கள் ஊருக்குப் புதிது இல்லை. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம், பழுதுபட்டு நெடுங்காலம் நின்று, திரும்பக் கட்டப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. சுமார் 180 அடி. 1959இல் சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் திறந்தபோது அதுதான் இந்தியாவிலேயே உயரமான அடுக்குமாடிக் கட்டடம். அதன் உயரம் 177 அடி. ஊரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தது ஏறக்குறைய தென்காசிக் கோபுரத்தின் உயரத்தைத்தான்.

அந்தக் கோபுரத்தின் காலடியைப் பாருங்கள். தேர் திரும்பும் அளவுக்கு ரத வீதிகள். தேருக்கென்று விட்ட அந்த அகலம்தான் உயரத்தையும் தாங்குகிறது. வெளிச்சம் வருகிறது, காற்று போகிறது, கூட்டம் கலைகிறது. எந்த உயரமும் தன் காலடியில் அகலம் கேட்கும். அந்த அகலத்தைக் கட்டுகிறவர் தன் மனையிலிருந்து கொடுக்கிறாரா, இல்லை உங்கள் தெருவிலிருந்து எடுத்துக்கொள்கிறாரா என்பதே விஷயம். எதிர்ப்பதா ஆதரிப்பதா என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019இல் வந்தன. அவற்றின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். நீங்கள் சொல்லும் ஒன்பது மாடி 30 மீட்டரை எட்டும். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு முன்னால் குறைந்தது 12 மீட்டர், அதாவது நாற்பதடிக்குக் கொஞ்சம் குறைவான சாலை வேண்டும். சாலை 18 மீட்டர் இருந்தால், மனைப் பரப்பைப் போல 3.25 மடங்கு வரை கட்டலாம். சாலை குறுகினால் அந்த மடங்கும் குறையும். சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் காலியாக விட வேண்டும். தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றி வருவதற்கான இடம் அது. அந்த வழியை ஜெனரேட்டர் அறையோ வாட்ச்மேன் குடிசையோ மறிக்கக் கூடாது. 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஒரு ஏழு மாடி ஜவுளிக்கடை பற்றிக்கொண்டு, அணைக்க முடியாமல் மறுநாளும் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆள் நெருங்க இடமில்லாத கட்டடத்தில் நெருப்பு பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உங்கள் தெரு பதினாறடி, அதாவது ஐந்து மீட்டர்கூட இல்லை. மெயின் ரோட்டைக் காட்டித்தான் அனுமதி வாங்க முடியும். அதனால் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது பின்வாசல். வரைபடத்தில் உங்கள் தெருப்பக்கம் கேட் இருக்கிறதா என்று பாருங்கள். எழுபத்திரண்டு வீட்டுக்கு ஐம்பது காராவது வரும். ரோட்டில் நெரிசல் என்றால் எல்லாரும் பின்வழியைத்தான் பிடிப்பார்கள். கட்டும்போதும் அப்படித்தான். கம்பி லாரியும் ஜல்லி லாரியும் ராத்திரி உங்கள் தெருவில்தான் திரும்பப் பார்க்கும். பின்பக்கம் முழுக்க மதில், வாசல் கிடையாது என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

இனி மாமியாரின் கிணறு. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே பாறை. பாறையில் தண்ணீர் மணலில் நிற்பதுபோல எங்கும் பரவி நிற்காது, வெடிப்புகளில்தான் ஓடும். ஊற்றுக்கண் என்கிறோமே, அது அந்த வெடிப்பின் வாய். பக்கத்தில் ஆழமாகப் போர் போட்டு அதே வெடிப்பைத் தொட்டுவிட்டால், உங்கள் கிணற்றின் ஊற்றுக்கண் அடைத்ததுபோல் நின்றுவிடும். தொடாமல் போனால் ஒன்றும் ஆகாது. எது நடக்கும் என்று துளைக்கும் முன் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. 72 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 288 பேர். நாளைக்கு 39,000 லிட்டர் வரை. 12,000 லிட்டர் லாரியில் மூன்று லாரிக்கு மேல், தினமும். இதில் ஐந்தில் நாலு பங்கு, அதாவது 31,000 லிட்டர், கழிவாகத் திரும்பி வரும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அது எங்கே போகும்? சுத்திகரிக்கும் நிலையத்தை உள்ளேயே கட்டி, அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்கும் செடிக்கும் திருப்ப வேண்டும். கட்டிவிட்டு கரண்டு செலவுக்குப் பயந்து நிறுத்தியும் விடுவார்கள். அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போய் ஏதாவது குளத்து ஓரத்தில் திறந்துவிடும். சிற்றாற்றில் வந்து சேருகிற வாய்க்காலும் குளமும் உள்ள ஊரில் இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. எனக்குப் பத்து மாடியைவிட அந்த ஒரு லாரிதான் பயம். கிணற்றுக்கு என்ன ஆகும் என்பதைச் சென்னையில் நான் வாடகைக்கு இருந்த ஒரு தெருவில் பார்த்தேன். எட்டு மாடி எழும்பி மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி அடியைத் தட்டியது. வந்த கொஞ்சத் தண்ணீரிலும் வாடை. வீட்டுக்கார அம்மா அதற்குப் பிறகு அந்தக் கிணற்றை மூடிப் பலகை போட்டுவிட்டார். எப்போதாவது அந்தப் பலகையைத் தூக்கிப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார்.

வெயிலுக்கு வருகிறேன். கட்டடம் உங்களுக்குக் கிழக்கே வருவதால் போவது காலை வெயில். வத்தல் போடும் பங்குனி மாதத்தில் காலை எட்டு மணிக்கு 30 மீட்டர் கட்டடத்தின் நிழல் மேற்கே 60 மீட்டருக்கு மேல் நீளும். பத்து மணிக்கு 22 மீட்டராகச் சுருங்கும். பதினொன்றுக்கு ஏறக்குறைய 12 மீட்டர். ஏழு மீட்டர் ஒழுங்காக விட்டிருந்தால், தெருவின் அகலமும் சேர்ந்து, பதினொரு மணிவாக்கில் உங்கள் தட்டட்டியில் வெயில் விழுந்துவிடும், உச்சியும் பிற்பகலும் முழுசாகக் கிடைக்கும். வத்தல் காயும், ஆனால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகலாம். அந்த ஏழு மீட்டர் நாலு மீட்டரானால் கணக்கே மாறிவிடும்.

காற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தென்காசிக்காரர்கள் அதைக் கேட்டாக வேண்டும். கோபுர வாசலில் நுழையும்போது சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ள வைக்கும் காற்று உங்களுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று ஒரு பெரிய சுவரில் மோதினால், ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்கும், இன்னொரு பகுதி இரண்டு மூலையிலும் வேகம் கூடி ஓடும். இறங்குவது மேற்குப் பக்கம், அதாவது உங்கள் வீட்டுப் பக்கம். ஓட்டு வீடோ தகரக் கூரையோ இருந்தால் சாரல் மாதம் வருமுன் கட்டிப் பலப்படுத்துங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் தவறு. அந்த எழுபத்திரண்டு குடும்பமும் எப்படியும் தென்காசிக்கு வரத்தான் போகிறது. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு ஆபீஸ் வந்தது, ஆள் வந்தது. அவர்களுக்கு ஆளுக்கு மூன்று சென்ட் மனை என்றால் 216 சென்ட். ரோடும் பூங்காவும் சேர்த்தால் மூன்று ஏக்கர். அந்த மூன்று ஏக்கர் எங்கிருந்து வரும்? நஞ்சையிலிருந்துதான். கல்லை நட்டு வண்ணக்கொடி கட்டிய வயலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த வயல் திரும்ப வயலாகாது, அதற்குப் பாய்ந்த வாய்க்காலும் தூர்ந்துபோகும். பட்டுப்போன தோப்பு ஒரு ஏக்கரில் அந்த எழுபத்திரண்டு வீடும் மேலே எழும்பினால் அது வயலைக் காப்பாற்றுகிறது. ஆகவே உயரம் என்பதற்காக மட்டும் எதிர்க்காதீர்கள் என்றே சொல்வேன்.

என்ன செய்யலாம்? உயர்மாடிக்கு அனுமதி தருவது ஊராட்சி மட்டும் இல்லை. நகர் ஊரமைப்புத் துறை, தீயணைப்புத் துறை எல்லாம் பார்க்க வேண்டும். மலையடிவாரக் கிராமங்கள் சிலவற்றில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும் உண்டு, சர்வே எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். வருஷத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்குக் கழிவுநீரையும் போர் ஆழத்தையும் பின்வாசலையும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

வேலை தொடங்குவதற்கு முன், இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுச் சுவரில் இருக்கும் விரிசல் ஒவ்வொன்றையும் அன்றைய பேப்பரைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டு வைத்து இரண்டு முனையிலும் ஒட்டி, தேதி எழுதிவையுங்கள். அங்கே பாறை உடைக்க வெடி வைத்து உங்கள் சுவர் அசைந்தால் கண்ணாடி பட்டென்று உடையும். பழைய விரிசலா, புது விரிசலா என்ற சண்டை அதோடு முடிந்தது. கிணற்றிலும் கயிற்றில் முடிச்சுப் போட்டு மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து நோட்டில் குறியுங்கள். இந்த வேலையை மாமியாரிடம் கொடுங்கள். அந்தக் கிணற்றை அவர்களைவிடத் தெரிந்தவர் யார்?

கேள்வி: இப்படிப் பெரிய அடுக்குமாடி வந்தால் சுற்று வட்டாரத்தில் வாடகை ஏறும் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு பள்ளி ஆசிரியர், தென்காசி

பதில்: நிலத்து விலை ஏறும். வாடகையும் கூடவே ஏறும் என்று சொல்ல முடியாது. அமெரிக்க நகரங்களில் பிரையன் ஆஸ்க்வித், எவன் மாஸ்ட், டேவின் ரீட் என்ற மூன்று பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். புதிய அடுக்ககம் வந்தபோது, அது வராமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய வாடகையைவிடப் பக்கத்து வாடகை சுமார் 6 சதவீதம் குறைவாக இருந்ததாகக் கண்டார்கள். வசதியுள்ளவர் புது வீட்டுக்குப் போகிறார், அவர் விட்ட வீட்டுக்கு இன்னொருவர் வருகிறார், இப்படிக் கீழே ஒரு வீடு காலியாகிறது. ஆனால் வீட்டில் ஆள் குடியிருந்தால்தான் இது நடக்கும். குற்றால சீசனுக்கு நாலு நாள் வந்து தங்கிவிட்டு மற்ற நாளெல்லாம் பூட்டி வைப்பதற்காக வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போட்டால், உங்களுக்கு வாடகையும் குறையாது, மளிகைக் கடைக்காரருக்கு வியாபாரமும் இருக்காது. ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை சன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். எனக்கு அதைவிட நல்ல அளவுகோல் தெரியாது.

கேள்வி: அப்படி ஒரு கட்டடத்தில் வீடு வாங்கலாம் என்று நினைக்கிறேன். எதைப் பார்த்து முன்பணம் கொடுப்பது?
– குவைத்தில் வேலை பார்க்கும் வாசகர், சொந்த ஊர் செங்கோட்டை

பதில்: தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எட்டு வீட்டுக்கு மேல் இருந்தால் பதிவு கட்டாயம். வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக்கணக்கில் வைக்க வேண்டும். கட்டுமானக் குறை ஐந்து வருஷத்துக்குள் தெரிந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும்.

அடுத்து மண் பரிசோதனை அறிக்கையையும் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தையும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். 2014 ஜூன் 28 மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் போனார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்தவர்கள், பெண்களும் உண்டு. இடி விழுந்தது என்று முதலில் சொன்னார்கள். மண்ணும் தூணும் வடிவமைப்பும் பற்றிய கேள்விகள்தான் விசாரணையில் முன்னுக்கு வந்தன. பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். தென்காசிப் பாறை அந்த மண்ணைவிட உறுதிதான், ஆனால் பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்பது மனைக்கு மனை மாறும்.

மூன்றாவது, அனுமதி. உங்களுக்குப் பக்கத்து மாநிலமான கேரளாவில், கொச்சி மரடில் கடலோர விதியை மீறிக் கட்டிய நாலு அடுக்ககத்தை உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொல்லி, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் தகர்த்தார்கள். அங்கே வாங்கிக் குடியேறியவர்கள் பத்திரத்தை வைத்துக்கொண்டே வீட்டை இழந்தார்கள். பத்திரம் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அனுமதி வரைபடத்தையும், முடிந்ததும் பணி நிறைவுச் சான்றையும் கையில் வாங்குங்கள். ஊருக்கு வரும்போது சனிக்கிழமை ஒரு நாள் அந்த இடத்துக்கே போய், கொத்தனாரிடமும் பக்கத்துத் தெருக்காரர்களிடமும் பேசுங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று அவர்களைக் கேளுங்கள். விற்கிறவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.