"கொலஸ்ட்ரால் இல்லை" என்றால் நல்லதா?



கடையில் தொங்கும் சில உருளைக்கிழங்குச் சிப்ஸ் பாக்கெட்டுகளில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். "நல்லதுதானே" என்று வாங்கிடாதீங்க. கிழங்கிலும் செம்பனை எண்ணெயிலும் எப்போதுமே கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. நம் ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான்.

"பொரிக்காதது" என்றாலும் உப்பு இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; அதாவது 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயுமே அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும்.

2019 சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் பத்துக்கு மூவருக்கு ரத்தக் கொதிப்பு.

கேமரன் மலையில் சோளத்துக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குமா பஞ்சம்? அவித்துக் கொடுங்கள், பிள்ளைகள் வயிறு நிறையும்.