ஃபேன் பெல்ட் மாற்றுவது எப்படி?

அம்பாசடர் காரைப் பலரும் பார்த்திருப்பார்கள். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் இந்தக் கார் தயாரானது. 2014-ஆம் ஆண்டு உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் பழைய கார்கள் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் காரின் முன்மூடியைத் திறந்தால், எஞ்சினுக்கு முன்னால் ஒரு ரப்பர் பெல்ட் தெரியும். அதுதான் ஃபேன் பெல்ட்.

பெல்ட் என்ன செய்கிறது?

பெல்ட் மூன்று புல்லிகளைச் சுற்றி ஓடுகிறது. கீழே உள்ள புல்லியை எஞ்சின் சுற்றுகிறது. மேலே உள்ள புல்லி விசிறியையும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பக்கத்தில் உள்ள புல்லி டைனமோவைச் சுற்றுகிறது.

தண்ணீர் பம்பும் விசிறியும் எஞ்சினின் சூட்டைத் தணிக்கும். டைனமோ பேட்டரிக்கு மின்சாரம் தரும். பெல்ட் அறுந்தால் இந்த இரண்டு வேலைகளும் நின்றுவிடும். பேட்டரியின் சிவப்பு விளக்கு எரியும். எஞ்சின் சூடேறும். உடனே வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும். "வீடு வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் எஞ்சினே கெட்டுவிடும். சிறிய செலவு பெரிய கடனாகிவிடும்.

எப்போது மாற்ற வேண்டும்?

பெல்ட்டைத் திருப்பி அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். வெடிப்பு, பிசிறு, பளபளப்பு, எண்ணெய்க் கறை இருந்தால் மாற்ற வேண்டும். வண்டியைக் கிளப்பும்போது "கீச்" என்று சத்தம் வந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். சத்தத்தை நிறுத்த அதில் சோப்போ எண்ணெயோ தடவக் கூடாது.

எண்ணைப் படித்து வாங்குங்கள்

ஓர் ஓட்டுநர் கடைக்குப் போனார்.

"அண்ணே, அம்பாசடருக்கு ஒரு ஃபேன் பெல்ட் கொடுங்க."

கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஓட்டுநர் தன் பையிலிருந்த பழைய பெல்ட்டை எடுத்தார். இரண்டிலும் உள்ள எண்களைப் படித்தார்.

"இதில் வேறு எண் இருக்குதே, அண்ணே."

"உங்க வண்டி பெட்ரோலா, டீசலா?"

"பெட்ரோல்."

"நான் டீசல் வண்டி பெல்ட்டைக் கொடுத்துட்டேன். இந்தாங்க."

எண்ணைப் படித்ததால் அவருக்கு ஒரு நடை மிச்சம். ஒரு நாள் வருமானமும் மிச்சம்.

சில பெல்ட்டுகளில் 10 × 900 என்பது போல எழுதியிருக்கும். அகலம் 10 மில்லிமீட்டர், நீளம் 900 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். பழைய பெல்ட்டில் எண் அழிந்திருந்தால், வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள்.

மாற்றும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கை பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

2. எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிடுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். பேட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் வயரைக் கழற்றுங்கள்.

3. டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம்.

4. டைனமோவை எஞ்சின் பக்கமாகத் தள்ளுங்கள். பெல்ட் தொளதொளப்பாகும். அதைப் புல்லிகளிலிருந்து எடுத்து, விசிறியின் இறக்கைகள் வழியாக ஒவ்வொன்றாகக் கடத்தி வெளியே எடுங்கள்.

5. புதிய பெல்ட்டை அதே வழியில் உள்ளே விடுங்கள். புல்லிகளின் பள்ளத்தில் சரியாக உட்கார வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்ற வேண்டாம். பெல்ட்டின் உள்நூல் அறுந்துவிடும்.

6. ஒரு மரக்கட்டையால் டைனமோவை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்து, போல்ட்டுகளை முடுக்குங்கள்.

7. இரண்டு புல்லிகளுக்கு நடுவே, நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் உள்ளே போனால் சரி. அதிகம் போனால் பெல்ட் வழுக்கும். போகாவிட்டால் பம்பின் பேரிங்கும் டைனமோவின் பேரிங்கும் தேயும்.

8. பேட்டரி வயரை மாட்டுங்கள். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். மீண்டும் அழுத்திப் பாருங்கள். புதிய பெல்ட் சில நாட்களில் சற்று நீளும். அப்போது மறுபடியும் முடுக்க வேண்டும்.

கவனம்!

எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் அருகே கை கொண்டுபோகக் கூடாது. ஒரு நொடியில் விரல் போய்விடும். துண்டு, சேலைத் தலைப்பு, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும்.

வேறு வண்டிகளில்

பல வண்டிகளில் ஒரே நீளமான பெல்ட் பல புல்லிகளைச் சுற்றிப் பாம்பு போல வளைந்து ஓடும். அதன் உள்பக்கத்தில் நீளவாக்கில் வரிகள் இருக்கும். கழற்றும் முன் அது போகும் வழியைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். வழி மாறினால் பம்பு எதிர்ப்பக்கம் சுற்றலாம். சில வண்டிகளில் விசிறி மின்சாரத்தால் ஓடும். எஞ்சின் நின்ற பிறகும் அது திடீரென்று சுற்றலாம். அதனால் பேட்டரி வயரைக் கட்டாயம் கழற்ற வேண்டும்.

பயிற்சி

1. பெல்ட் அறுந்தால் எந்த இரண்டு வேலைகள் நிற்கும்?
2. பெல்ட் அதிகமாக இறுகினால் எது தேயும்?
3. ஒரு தாளில் எழுதி வண்டியில் வையுங்கள்: பெல்ட் எண், மாற்றிய தேதி, அன்று வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர்.