நன்கொடைக்கு முன் ஒரு படிவம்

அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனத்துக்குப் பணம் அனுப்பும் முன், அது வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் 'படிவம் 990'ஐப் பாருங்கள். புரோபப்ளிக்கா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேவாலயங்கள் போன்ற சில அமைப்புகள் இதைத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை.

7ஆம் பகுதியில் நிர்வாகிகளின் சம்பளம் இருக்கும். பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் கண் வைக்க வேண்டிய இடம், படிவத்தின் இணைப்பான 'அட்டவணை ஜே'. முதல் வகுப்பு விமானப் பயணம், வீட்டு வசதி, கிளப் சந்தா போன்ற சலுகைகள் அங்கேதான் தெரியவரும்.

இது வீண் சந்தேகம் அல்ல. யுனைடெட் வே தொண்டு நிறுவனத்தின் தலைவர் வில்லியம் அராமொனி, ஆடம்பரச் செலவுகள் அம்பலமானதும் 1992இல் பதவி விலகினார். மோசடி வழக்கில் 1995இல் 7 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். காயமுற்ற படைவீரர்களுக்கு உதவும் வூண்டட் வாரியர் புராஜெக்ட், வீண்செலவு பற்றிய செய்திகள் வெளியானபின் 2016இல் தலைமை அதிகாரிகள் இருவரை நீக்கியது.

பெரிய சம்பளம் எல்லாமே தவறல்ல. பெரிய மருத்துவமனையை நடத்தத் திறமைசாலி வேண்டும். அதே அளவுள்ள மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடுங்கள். சேவைக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு, நிதி திரட்ட எவ்வளவு என்பதை 9ஆம் பகுதி பிரித்துக் காட்டும்.

கடைசி 3 ஆண்டுப் படிவங்களைக் கேட்பவருக்குக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். மறுக்கும் நிறுவனத்துக்குக் காசோலை எழுதாதீர்கள்.