ரெடிமேட் அலமாரி சுவரோடு சேருமா?



எங்கள் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கட்டும்போதே சுவரில் இடம் விட்டுக் கடப்பாக்கல் பதித்த வீடுகளுக்குக் கவலை இல்லை. விடாத வீடுகள்தான் பாவம். குடிவந்த பிறகு, சுவரைக் குடைந்து அலமாரி வைக்கலாமா என்று கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். என் அப்பா கொத்தனார். அப்படி வந்த வேலைகளை, கூலி போனாலும் பரவாயில்லை என்று மறுத்திருக்கிறார். "சுமக்குற சுவத்தைக் குடைஞ்சா வீடு எதுலலே நிக்கும்?" என்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா சொன்னதற்கான காரணம் சிவில் பாடத்தில் இருக்கிறது. பில்லர் இல்லாத வீட்டில் 9 அங்குலச் செங்கல் சுவர்தான் தளத்தின் எடையை அஸ்திவாரத்துக்கு இறக்குகிறது. அதில் பாதிக் கனத்தைச் செதுக்கிவிட்டால், மிச்சம் உள்ள கனம்தான் முழுச் சுமையையும் தாங்கியாக வேண்டும்.

அதனால் ரெடிமேட் அலமாரியே மேல். ஆனால் அது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி தனியாக நிற்கிறதே என்கிறார்கள். தனியாகக் காட்டுவது அலமாரி அல்ல, அதைச் சுற்றியுள்ள இடைவெளிதான். அலமாரி நேராக இருக்கும். நம் சுவரும் தரையும் அப்படி இருக்காது.

முதலில் தரை. கழுவிய தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் வாட்டம் கொடுத்திருப்போம். அதன்மேல் அலமாரியை அப்படியே வைத்தால் ஒரு பக்கம் சாயும், கதவும் சரியாக மூடாது. 4 அங்குல உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அதன்மேல் வையுங்கள். மேடையின் முகப்பில் அறையின் ஸ்கர்ட்டிங் டைலையே ஒட்டிவிட்டால் அலமாரி தரையிலிருந்து எழும்பியது போல இருக்கும். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் ஊதிவிடும். மேடை அதையும் தடுக்கிறது.

அடுத்து பக்கவாட்டு. இதுதான் முக்கியமான வேலை. இரண்டு சுவருக்கு நடுவே வைப்பதானால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரி அதைவிட 3 அங்குலமாவது குறைவாக இருக்கட்டும். இல்லையென்றால் கைப்பிடி சுவரில் இடித்துக் கதவு முழுதாகத் திறக்காது. மிச்ச இடத்தை அடைக்க ஒரு ப்ளைவுட் பட்டை வேண்டும். பட்டையைச் சுவரில் தொட்டபடி, தூக்குக்குண்டு பார்த்து நேராக நிறுத்துங்கள். சுவர் எங்கே அதிகமாக விலகுகிறதோ அந்த அளவுக்குக் காம்பஸைத் திறங்கள். (ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள அதே காம்பஸ்தான்!) அதைச் சாய்க்காமல் பிடித்து, முள்ளைச் சுவரோடு மேலிருந்து கீழே இழுத்தால், சுவரின் மேடுபள்ளம் அப்படியே பென்சில் கோடாகப் பட்டையில் விழும். கோட்டின்படி அறுத்து இழைத்தால் பட்டை சுவரோடு ஒட்டி உட்காரும். அப்பா இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. காம்பஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேலே சீலிங் வரை உள்ள சந்தையும் இப்படியே அடைத்து, பட்டைகளுக்கு அலமாரியின் நிறத்தையே அடித்துவிடலாம். இரண்டு அலமாரி பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நடு இணைப்பின்மேல் ஒரே பீடிங் ஓடட்டும்.

அழகோடு வேலை முடியவில்லை. 2016 ஜூனில் அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம் சுமார் 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரில் பிணைக்காமல் வைத்தவை சாய்ந்து குழந்தைகள் இறந்ததுதான் காரணம். ஆகவே மேல்பக்கம் எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு முடுக்கியே தீர வேண்டும். ராவல் பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போக வேண்டும். பூச்சில் மட்டும் நின்றால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் என்றால் பின்னால் அரை அங்குலமாவது காற்றுக்கு விடுங்கள். பட்டையை ஃபெவிகால் போட்டு ஒட்டிவிடாதீர்கள், ஸ்க்ரூவே போதும். கரிசல் மண்ணில் நிற்கும் வீட்டுச் சுவர் மழைக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் அசையும்; அப்போது பட்டையைக் கழற்றி மறுபடி இழைத்துக்கொள்ளலாம். கழற்றும்போது பின்னால் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.